சத்தியம் செய்யாத சாட்சி

ஜூலை 3, 2025, வியாழன்

காலையில் லேபுக்குக் கிளம்பும்போது ஒரு போலீஸ்காரர் வந்து சம்மன் கொடுத்தார். இருபத்திரண்டாம் தேதி தாம்பரம் கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். ஆபேல் கேஸ். எங்கள் சபை ரத்தினபாயின் மகன். போன வருஷம் கேம்ப் ரோட்டில் பைக்கில் வரும்போது தண்ணி லாரியில் அடிபட்டு அந்த இடத்திலேயே போய்விட்டான். ஷேர் ஆட்டோவுக்காக ஓரமாக நின்ற நான் முழுக்கப் பார்த்தேன். பார்த்ததை அன்றைக்கே போலீசிடம் சொல்லிவிட்டேன். ரத்தினம் என்னிடம் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் எதைச் சொல்வது?

கையெழுத்து வாங்கிக்கொண்டு போலீஸ்காரர் ஆறுதலாகச் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா. கடவுள் பேர்ல சத்தியம் பண்ணிட்டு, கேக்கறதுக்குப் பதில் சொன்னா வேலை முடிஞ்சுது."

நாள் முழுக்க ஊசி குத்தும்போதெல்லாம் அந்தப் பேச்சுதான் காதில் ஓடியது. எனக்குக் கடவுள் கிடையாது. ரொம்ப வருஷமாகவே கிடையாது. இந்த டைரியைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

ஜூலை 5, சனி

எப்படிப் போனது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் சாவு விழவில்லை. எந்த ஜெபமும் பொய்க்கவில்லை. யார் மேலும் கோபமும் இல்லை. பல்லாவரம் வீட்டிலிருந்து இந்தச் சேலையூர் வீட்டுக்கு மாறினபோது ஒரு நாள் ஜெபம் பண்ண உட்கார்ந்தேன், எதிரில் யாரும் இல்லை என்று பட்டது. அவ்வளவுதான். மறுநாளும் அப்படியே. பிறகு பழகிவிட்டது.

கோயிலுக்குப் போகிறேன். பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறேன், அது எனக்குப் பிடிக்கும். ராத்திரி இவர் ஜெபம் பண்ணுவார், நான் ஆமென் சொல்வேன். ரயில்வேயில் ரிட்டயர் ஆகிவிட்டு சபைக் கமிட்டிக்குச் செயலாளராக இருக்கிற மனுஷர். அவர் மனசு நோக வேண்டாம் என்று சொல்கிற ஆமென். சாப்பிட்டாச்சா என்று கேட்பது போல அதுவும் ஒரு வார்த்தை. அதில் எனக்கு உறுத்தலே வந்ததில்லை.

கோர்ட் மட்டும் ஏன் உறுத்துகிறது? அங்கே ஒரு மனுஷனின் ஜெயில் இருக்கிறது, அதனால்தான். நான் சொல்வதை நம்பலாம் என்று சொல்வதற்கு முதல் வார்த்தையே பொய்யா? லேபில் ட்யூபில் பேர் மாற்றி ஒட்டிவிட்டால் உள்ளே இருக்கிற ரத்தம் எவ்வளவு சுத்தமானாலும் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எனக்கு இது அப்படித்தான் தெரிகிறது.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ரத்தினத்தின் அண்ணன் வேதசிரோமணி சார் வந்தார். ரிட்டயர்ட் தலைமையாசிரியர், இன்னமும் எல்லாரும் அவருக்கு ஏழாம் வகுப்புதான்.

"சிஸ்டர், உங்க வாக்குமூலத்தை வக்கீல் காட்டினார். லாரி அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்துச்சுன்னு தெளிவா இருக்கு. அதையே சொல்லிடுங்க. ஆபேல் நம்ம பையன்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. லாரி மெதுவாகத் திரும்பியது, பையன்தான் ராங் சைடில் வந்தான் என்றுதான் சொன்னேன். எழுதினவர் எல்லாக் கேசிலும் எழுதுகிற வரியை இதிலும் எழுதிவிட்டார் போல. "நான் பார்த்ததைச் சொல்றேன் சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கர்த்தருக்குப் பயந்து சொல்லுங்க" என்றார்.

தூரத்தில் ரத்தினம் நின்றுகொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷமாகப் பண்டிகைக்குச் சபையில் போடுகிற அசனச் சாப்பாட்டுக்கு நானும் அவளும்தான் ஒன்றாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்போம். இன்றைக்கு என்னைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினாள்.

ஜூலை 11, வெள்ளி

இந்தக் கேசுக்குச் சம்பந்தமில்லாத வக்கீல் சாலமன் மாதாமாதம் சுகர் டெஸ்டுக்கு வருவார். இன்றைக்கு ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டேன். யாரோ ஒருவருக்காகக் கேட்பது போல ஆரம்பித்தேன், முகத்தில் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

"தாராளமா சொல்லலாம் மேடம். சாமி பேர் வேண்டாம்னா, 'உளமார உறுதி கூறுகிறேன்'னு சொன்னா போதும். சட்டத்துலயே இருக்கு. சினிமா மாதிரி புக்கு மேல கை வைக்கறதெல்லாம் இங்க கிடையாது. காரணமும் கேக்க மாட்டாங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "கோர்ட் கேக்காது. பின்னாடி பெஞ்சுல உக்காந்திருக்கறவங்க கேப்பாங்க. அதை யோசிச்சுக்குங்க."

வாக்குமூலத்துக்கு மாறாகச் சொன்னால் என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவித்துவிட்டு அரசு வக்கீலே குறுக்கு விசாரணை செய்வாராம். ஆக, ஒரே நாளில் இரண்டு கெட்ட பேர். சாமி இல்லை என்பவள், சொன்ன பேச்சை மாற்றுகிறவள். லாரிக்காரன் சார்பாக இப்படி ஒருத்தி சொன்னால் எவன் நம்புவான்? ரத்தினம் நம்புவாளா?

ஜூலை 13, ஞாயிறு

மகள் ஜென்சி சிறுசேரியிலிருந்து போன் பண்ணினாள். முதல் தடவையாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீபோர்டு தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது, ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்க்கிறது பெண்.

"அம்மா, நீ நம்பலேன்னா அது வெறும் வார்த்தைதானே? சொல்லிட்டு வந்துடேன். யாருக்கு நஷ்டம்?"

பெற்ற பெண் லாஜிக்கில் என்னை மடக்கிவிட்டாள். ஆனாலும் முடியாது. ஏன் முடியாது என்று கேட்டால் — முடியாது, அவ்வளவுதான்.

ஜூலை 17, வியாழன்

இவரிடம் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, கோர்ட்டில் கடவுள் பேரால் சத்தியம் பண்ண மாட்டேன் என்றேன். ஏன் என்றார். எனக்கு நம்பிக்கை இல்லைங்க, ரொம்ப நாளாகவே இல்லை என்றேன். தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்து என் காலை நனைத்தது, அவர் ஓஸ் பைப்பை நகர்த்தவில்லை.

"கோயிலுக்கு வர்றியே."

"உங்ககூட வரணும்னு வர்றேன். பாட்டுக்காக வர்றேன்."

"ராத்திரி ஆமென் சொல்றியே."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழாயை மூடிவிட்டு, "எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே?" என்றார். பிறகு, "சபைக்குத் தெரியணுமா?" என்றார்.

ராத்திரி ஜெபம் பண்ணினார். நான் ஆமென் சொல்லவில்லை. அவரும் சத்தமாகச் சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

நாளைக்கு. சோறு இறங்கவில்லை. ஓடிப் போய்விடலாமா என்று இருக்கு.

ஜூலை 22, செவ்வாய்

உள்ளது உள்ளபடி எழுதி வைக்கிறேன்.

இவரும் கூட வந்தார். வராண்டாவில் ஒரே கூட்டம். டவாலி என் பேரை மூன்று தடவை கூப்பிட்டார், ஏதோ நான் ஓடிப்போனவள் மாதிரி. கூண்டில் ஏறினேன். பின்பெஞ்சில் ரத்தினமும் வேதசிரோமணி சாரும். எதிர்ப் பக்கம் லாரி டிரைவர் ஏகாம்பரம், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு கைகட்டி நின்றார். கோர்ட்டில் அவருக்குப் பேர் 'எதிரி'. யாருக்கும் எதிரியாக இருக்கிற தெம்பு அந்த முகத்தில் இல்லை.

கோர்ட் ஊழியர் மனப்பாடமாக ஆரம்பித்தார். "கடவுள் சாட்சியாக நான் சொல்வதெல்லாம் உண்மை — சொல்லுங்கம்மா."

"சார், கடவுள் பேர்ல சத்தியம் வேண்டாம். நான் உறுதிமொழி எடுத்துக்கறேன்."

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். சத்தமாக வந்துவிட்டது. டைப் அடிக்கிற பெண் நிறுத்தினாள். மாஜிஸ்திரேட் அம்மா தலையைத் தூக்கினார், சின்ன வயசுதான். "சரி. 'உளமார உறுதி கூறுகிறேன்'னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். டைப் சத்தம் மறுபடி கேட்டது. அவ்வளவுதானா? இதற்கா மூன்று வாரம் செத்தேன்?

பார்த்ததைச் சொன்னேன். லாரி மெதுவாகத் திரும்பியது. பைக் ராங் சைடில் வேகமாக வந்தது. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு, தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டே வந்தான். லாரியைக் கடைசி வரை பார்க்கவில்லை. இதைச் சொல்லும்போது பின்பெஞ்சுப் பக்கம் நான் திரும்பவே இல்லை. அரசு வக்கீல் என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவித்தார். எதிரியோடு சேர்ந்துகொண்டு பொய் சொல்கிறீர்கள் என்றால் சரிதானே என்றார். சரியல்ல என்றேன்.

வெளியே வந்ததும் வேதசிரோமணி சார் நேராக என்னிடம் வந்தார். தொலைந்தேன் என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சார் கைகூப்பினார். கண்ணில் தண்ணீர்.

"சிஸ்டர், எங்க அப்பா பிரதரன் சபை. ஒரு நிலத் தகராறுல கோர்ட்டுக்குப் போனப்ப, எதைக்கொண்டும் சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு, நான் பண்ண மாட்டேன்னு நின்னாரு. ஜட்ஜ் அதட்டினாக்கூட அசையலை. அவருக்கப்புறம் இன்னைக்குத்தான் அதை என் காதால கேக்கறேன். நம்ம சபையிலயே இதை யாரும் கைக்கொள்றதில்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது: வேதத்துக்குப் பயந்துதான் நானும் சத்தியம் வேண்டாம் என்றதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"நீங்க சொன்னது எங்களுக்குக் கசப்புதான். ஆனா இவ்வளவு பயபக்தியுள்ளவங்க பொய் சொல்ல மாட்டாங்க. ஏத்துக்கறேன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "ஆமா அண்ணே. அவ அப்பிடித்தான்."

ஜூலை 23, புதன்

ஏன் மறுத்துச் சொல்லலை? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?

ஜூலை 27, ஞாயிறு

பிரசங்கத்தில் வந்துவிட்டேன். "நம் சபைச் சகோதரி ஒருவர்" என்றுதான் ஆயர் சொன்னார், பேர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, மொத்தக் கோயிலும் பாடகர் குழுப் பக்கம் திரும்பியது. பக்கத்தில் நின்ற கிறிஸ்டி என் முதுகைத் தடவினாள். நான் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தால் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசச் சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள். தலைப்பு, 'நாவின் பரிசுத்தம்'. சிரிப்பதா அழுவதா?

வீட்டுக்கு வந்து இவரிடம் சண்டை போட்டேன். "நான் பொய் சொல்லக் கூடாதுன்னுதானே அவ்வளவு பாடு பட்டேன். நீங்க ஒரு வார்த்தையில எல்லாத்தையும் பொய்யாக்கிட்டீங்க."

"நான் என்ன பொய் சொன்னேன்? அவ அப்பிடித்தான்னு சொன்னேன். நீ அப்பிடித்தானே?" என்றார். கொஞ்சம் கழித்து, "விடு ஹில்டா. யாரும் சங்கடப்படாம முடிஞ்சிருக்கு. அப்படியே இருக்கட்டும்" என்றார். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. காய்ச்சல் என்று சொல்லிச் சங்கக் கூட்டத்துக்குப் போகப் போவதில்லை. ஆக, அதற்கும் ஒரு பொய்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஏகாம்பரத்துக்கு விடுதலை. சாயங்காலம் பெண்டாட்டியோடு லேப் வாசலில் வந்து நின்றார். ஒரு பை நிறையக் கொய்யாப்பழம்.

"யக்கா, ஒரு வருசமா வண்டி ஓட்ட முடியாம வூட்லயே கெடந்தேன். இன்னா செய்யறதுன்னே தெரியல. சாமி மாரி வந்து சொன்ன நீ."

கடவுள் வேண்டாம் என்று கூண்டில் ஏறினவளையே சாமியாக்கிவிட்டார் மனுஷன். சிரிப்பு வந்துவிட்டது. அவரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார். அந்தப் பையனை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை என்று அவர் பெண்டாட்டி சொன்னாள். இந்த ஒன்றாவது சரியாக முடிந்தது. இனி அவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

செப்டம்பர் 9, செவ்வாய்

ரத்தினம் லேபுக்கு வந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, நடக்கும்போதே மயக்கம் வருகிறதாம். நரம்பைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கை குச்சியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் ஏழுக்கும் கீழே.

"சாப்பிடறியா இல்லையா ரத்தினம்?"

"சாப்பிடறேன்க்கா" என்றாள். பொய். மிஷின் பொய் சொல்லாது.

கிறிஸ்டிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். கோர்ட்டுக்குப் போய் வந்த நாளிலிருந்து ஒரு வேளை கஞ்சியாம், அதுவும் அண்ணன் அதட்டினால்தானாம்.

செப்டம்பர் 13, சனி

எழுத மனசே இல்ல. இருந்தாலும் எழுதணும்.

மத்தியானம் ரத்தினம் தனியாக வந்தாள். இவர் கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். சோபாவில் உட்காராமல் கீழே உட்கார்ந்தாள். நானும் கீழே உட்கார்ந்தேன்.

"அக்கா, அவன் போன்ல பேசிக்கிட்டு வந்தான்னு சொன்னீங்களே. என்கிட்டதான் பேசிக்கிட்டு இருந்தான்."

"எங்க இருக்க, எங்க இருக்கன்னு நான்தான் விடாம கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். இந்தா வந்துட்டேம்மான்னான். யாருகிட்டயும் சொல்லல. லாரிதான் வேகமா வந்து அடிச்சுட்டுன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் அதைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க மெதுவா வந்துச்சுன்னு சொல்லிட்டீங்க. சத்தியம் பண்றதுக்கே பயப்படுற நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அப்ப நான்தான் அவனைக் கொன்னிருக்கேன்."

இல்லை, அப்படி இல்லை, அவன் அந்தப் பக்கமாக வந்திருக்கக் கூடாது, நீ என்ன செய்வாய் என்றேன். எத்தனையோ சொன்னேன். ஒன்றும் அவளுக்குள் இறங்கவில்லை. கடைசியில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக ஜெபம் பண்ணுங்கக்கா. உங்க ஜெபத்தை அவர் கேப்பார்."

அவள் கை ஜில்லென்று இருந்தது. ஒரு ஜெபம். எனக்குத் தெரியாத ஜெபமா? தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சொல்லியிருந்தால் இத்தனை நாள் தின்னாத சோற்றை இன்றைக்காவது தின்றிருப்பாளோ? ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ரத்தினம், என்னால முடியாது. எனக்கு நம்பிக்கை இல்ல. கோர்ட்டுல சத்தியம் வேண்டாம்னு சொன்னது அதனாலதான். வேதத்துக்குப் பயந்து இல்ல. எனக்குக் கடவுளே இல்ல."

கையை விட்டாள்.

"அப்ப எல்லாரும் சொன்னது?"

"அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. நான் திருத்தல."

"அப்ப நீங்க எதை வேணும்னாலும் சொல்லுவீங்க" என்றாள். எழுந்துவிட்டாள். "பயமே இல்லாதவங்களுக்கு என்ன. அந்த டிரைவர்கூட உங்களைத் தேடி வந்து பை நிறையக் கொடுத்தான்னு சொன்னாங்க. லாரி வேகமாத்தான் வந்துருக்கு. நீங்க பாக்கல. இல்ல, பாத்துட்டும் மாத்திச் சொல்லிட்டீங்க."

கோபம்தான். ஆனால் கோபம் மட்டும் இல்லை. வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவள், இப்போது பிடிக்காமல் நின்றாள். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. தன் மேல் விழுந்த பாரத்தைத் தூக்கி என் மேல் வைத்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் பார்த்ததைத்தான் சொன்னேன் ரத்தினம் — இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவள் செருப்பு மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து போகிற வரை சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நான் வாயை மூடிக்கொண்டதும் ஒரு பொய்தானே? கோர்ட்டில் சொல்ல மாட்டேன் என்று அடம் பிடித்த பொய்யை வீட்டுத் தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டேனா?

செப்டம்பர் 21, ஞாயிறு

ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. வேதசிரோமணி சார் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "எங்க அப்பா பேரை உங்களுக்காகச் சொல்லிட்டேனே" என்றார். அந்த மனுஷர் குரல் உடைந்ததுதான் தாங்க முடியவில்லை. மன்னிச்சிடுங்க சார் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பாடகர் குழுவில் இனி வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பிராக்டிஸ் நேரத்தை மட்டும் எனக்குச் சொல்வதில்லை. இவர் செயலாளர் பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஏன் என்றேன். "யாராவது கேக்கறதுக்கு முன்னாடி நாமளே குடுத்துடறது நல்லது" என்றார். என் மேல் கோபமா என்றேன். "இருக்கு" என்றார். "ஆனா அன்னைக்கு நான் முந்திக்கிட்டுப் பேசியிருக்கக் கூடாது." ராத்திரி அவர் மட்டும் ஜெபம் பண்ணினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. நான் போகவில்லை. இவர் மட்டும் போய்விட்டு, காணிக்கை ஏலத்தில் எடுத்த பூசணிக்காயைத் தோளில் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய காய் என்று திட்டினேன்.

காபி கொடுத்துவிட்டு அசனம் எப்படி என்று கேட்டேன். வழக்கம் போல என்றார். தயங்கினார். "ரத்தினம் வந்திருந்தா" என்றார்.

"என்ன சொன்னா?"

"வேண்டாம் விடு."

"சொல்லுங்க."

"பந்தியில யாரோ உன் பேச்சை எடுத்தாங்க. அந்தப் பேச்சையே எடுக்காதீங்க, சாமி இல்லேங்கறவ கோர்ட்டுல என்ன உண்மையைச் சொல்லியிருக்கப் போறா, என் பிள்ளை சரியாத்தான் வந்தான், லாரிக்காரன்தான் கொன்னுட்டான்னு சொன்னா. எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எழுந்து வந்துடலாம்னு பாத்தேன்."

"பந்தியில உக்காந்து சாப்பிட்டாளா?"

"ஆமா, எனக்கு எதிர் வரிசைதான். ஏன்?"

"நல்லா சாப்பிட்டாளா?"

இவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினா."

"கறியுமா?"

"கறியும்தான்."

சரி என்றேன். பூசணிக்காயை எங்கே வைப்பது என்று கேட்டார். கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொன்னேன்.